கேமரா பார்த்தது சரி, கோர்ட் பார்க்குமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றைக்குத் தீர விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? எந்தத் தெருவில் எது நடந்தாலும் முதல் கேள்வி, "அங்கே சி.சி.டி.வி. இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், வேலை முடிந்த மாதிரி எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். செயின் பறித்தவன், டூ வீலரைத் தள்ளிக்கொண்டு போனவன் எல்லோரையும் சிவப்பு வட்டம் போட்டு டி.வி.யில் காட்டுகிறார்கள். நாமும் பார்த்துவிட்டு, "ஆள் காலி!" என்று சொல்லிக்கொள்கிறோம்.

டி.வி.யில் ஓடுவது வேறு, கோர்ட்டில் நிற்பது வேறு. அந்தக் காட்சி டி.வி.ஆர். பெட்டியிலிருந்து பென் டிரைவுக்கும், பென் டிரைவிலிருந்து ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கும், கடைசியில் நீதிபதியின் மேஜைக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தப் பயணத்தின் முதல் படியில் நிற்பவர் யார் தெரியுமா? இன்ஸ்பெக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கேமரா மாட்டிக் கொடுத்த கடையில் மாதச் சம்பளத்துக்கு ஏணி தூக்கும் பையன். டிப்ளமோ முடித்தவன். அதாவது, நாளைக்கு நீங்களும் நானும்!

அந்தப் பையனுக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடை முதலாளிக்குத் தெரியாது. போலீஸ்காரருக்கு நேரம் கிடையாது. ஆகவே பாலிடெக்னிக்கில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவும் லேபில் கையால் செய்ய வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கேளுங்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ப்ளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் பார்த்தது. ஊர் பேரும் கடைப் பேரும் வேண்டாம். ஒரு மளிகைக் கடைக்கு எதிரே விபத்து. ஏட்டு வந்து, "அண்ணாச்சி, அந்த நேரத்து வீடியோவை நம்ம வாட்ஸப்புக்கு அனுப்பிடுங்க" என்றார். அண்ணாச்சிக்கு டி.வி.ஆர். பாஸ்வேர்டே தெரியாது. எங்களுக்கு போன் வந்தது. சர்வீஸ் அண்ணன் போனார், காட்சியை மானிட்டரில் ஓடவிட்டார், தன்னுடைய செல்போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்து வீடியோ எடுத்தார், அனுப்பினார். பத்து நிமிஷ வேலை. "நன்றி தம்பி" என்று ஏட்டு கிளம்பினார், அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்த ஒரிஜினலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆனால் நாம் படித்த படிப்பை வைத்து யோசித்துப் பாருங்கள். மானிட்டர் ஒரு வேகத்தில் திரையைப் புதுப்பிக்கிறது, செல்போன் இன்னொரு வேகத்தில் படம் பிடிக்கிறது. இரண்டும் ஒத்துப் போகாததால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும், நெளிவு நெளிவாக அலை தெரியும். நம்பர் பிளேட்டில் 3 என்றிருப்பது 8 போலத் தெரிய இது போதாதா? அதற்கு மேல் வாட்ஸப் தன் பங்குக்கு வீடியோவை இன்னொரு தடவை நசுக்குகிறது. எந்த கேமரா, எந்தப் பெட்டி, எந்தத் தேதியில் உருவான ஃபைல் என்கிற விவரமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. போய்ச் சேருவது ஒரிஜினலின் நகல்கூட இல்லை, நகலைப் பார்த்து வரைந்த படம் மாதிரி.

சரி, ஒரிஜினல்தான் பெட்டியில் இருக்கிறதே, அப்புறம் எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு 2 மெகாபிக்சல் கேமராவை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்ய வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். 8 பிட் ஒரு பைட். ஆக நொடிக்கு 0.25 மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. பெருக்கினால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். எட்டு கேமரா என்றால் 172.8 ஜிகாபைட். முதலாளி சிக்கனம் பார்த்து வாங்கியது 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஆறு நாள்கூட முழுசாகத் தாங்காது! ஆறாம் நாளே டி.வி.ஆர். யாரையும் கேட்காமல் முதல் நாளின் மேல் எழுதத் தொடங்கும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் போராடி, பதினோராவது நாள் வழக்கின் பிரிவு மாறி, அதன்பின் இன்ஸ்பெக்டர் டி.வி.ஆர். எங்கே என்று தேடி வரும்போது அங்கே இருப்பது நேற்றைய கத்திரிக்காய் வியாபாரம்தான்.

இது வெறும் மளிகைக் கடைச் சங்கதி என்று நினைக்காதீர்கள். 2020 ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி அந்த நிலையத்துக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதியது, நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனாலும் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. வேண்டிய நாளின் காட்சி அதில் இல்லை. கேமரா இருந்தது, ஒயர் இருந்தது, டிஸ்கும் இருந்தது. மெனுவில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்! அந்த மெனு நமக்குத் தெரிந்த மெனு நண்பர்களே. நாம் மாட்டுகிற பெட்டியில் இருக்கிற மெனு.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மேலே போட்ட கணக்கை எடுத்து 18 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். எட்டு கேமராவுக்கு எத்தனை டெராபைட் வருகிறது என்று! இதையெல்லாம் நிறைவேற்றப் போகிறவர்கள் நம்முடைய சீனியர்கள்தான்.

காட்சி இல்லாமல் போவதால் குற்றவாளி தப்பிப்பான் என்பது மட்டும் கதையில்லை. 2010-ஆம் ஆண்டு வாரணாசியில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்த இத்தாலிக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவரோடு தங்கியிருந்த இருவர் மீது கொலை வழக்கு. ஆயுள் தண்டனை. ஓட்டலில் சி.சி.டி.வி. இருந்தது. யார் எப்போது அறைக்குள் போனார், யார் வந்தார் என்பதை அது சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பதிவை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவே இல்லை. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பெரிய ஓட்டையாகப் பிடித்தது. கையில் இருக்கும் நல்ல சாட்சியத்தைக் காட்டாவிட்டால், காட்டினால் உனக்கு எதிராகப் போகும் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கும் என்ற அடிப்படையில் இருவரையும் விடுதலை செய்தது. டொமாசோ புரூனோ வழக்கு என்று அதற்குப் பெயர். விடுதலை வருவதற்குள் சுமார் ஐந்து வருஷம் ஓடிப்போய்விட்டது. அந்த ஐந்து வருஷத்தை யார் திருப்பித் தருவது?

சட்டம் என்ன கேட்கிறது?

"நமக்கெதுக்குப்பா சட்டம்? நாம சர்க்யூட் பார்க்கிற ஆளு" என்று நண்பன் ஒருவன் சொன்னான். இருக்கட்டும், கொஞ்சம் பார்த்துவிடுவோம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மின்னணுப் பதிவின் நகலைக் கொடுப்பவர் அதோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நிறையப் பேர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கு வந்தது. கேரளத்துத் தேர்தல் வழக்கு. பிரசாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய சி.டி.க்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சான்றிதழ் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்த சி.டி.க்களை ஓரமாக வைத்துவிட்டது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். ஒரிஜினல் கருவியையே கொண்டுவந்து காட்டினால் சரி, நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம். அது ஒரு சுவாரஸ்யமான வழக்கு. மகாராஷ்டிரத்தில் 2014 தேர்தலில் ஒருவர் மதியம் 3 மணிக் கெடு தாண்டி வேட்புமனு கொடுத்தாரா இல்லையா என்பதுதான் சண்டை. தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் இருந்த வீடியோ கேமராதான் முக்கியச் சாட்சி. ஆக மொத்தம், கடிகாரத்தைப் பற்றிய வழக்கு! இந்தக் கடிகார விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய், பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023 நடைமுறைக்கு வந்துவிட்டது. 65-பி இருந்த இடத்தில் இப்போது பிரிவு 63. சான்றிதழுக்கான படிவத்தைச் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதில் ஏ, பி என்று இரண்டு பகுதி. முதல் பகுதியைப் பதிவைத் தருகிறவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும். என்ன கருவி, என்ன மாடல், சீரியல் நம்பர் என்ன என்றெல்லாம் கேட்கிறது. கடைசியில் ஹாஷ் மதிப்பு என்ன, அதை எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்றும் கேட்கிறது.

அண்ணாச்சியிடம் போய் ஹாஷ் மதிப்பு என்றால் என்ன சொல்வார்? "அது என்ன ரேட்டு தம்பி?" என்பார். அவர் உடனே திரும்பிப் பார்ப்பது நம்மைத்தான்.

ஹாஷ் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அப்பா காலத்து ஆடியோ கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு பாட்டைப் பதிய முடியாது. ஹாஷ் அப்படித் தடுக்காது, ஆனால் யாராவது கை வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு ஃபைல் முழுவதையும் கணக்குப் போட்டு அதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளம். இரண்டு மணி நேர வீடியோவில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் அந்த 64-ம் தலைகீழாக மாறிப்போகும். விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இதற்குக் கட்டளை இருக்கிறது, தனியாக எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். படிவத்தில் எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 என்ற பழைய முறைகளும் உண்டு. இருந்தாலும் எஸ்.எச்.ஏ.-1 முறையில் இரண்டு வெவ்வேறு ஃபைலுக்கு ஒரே மதிப்பு வரவைக்க முடியும் என்று 2017-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். ஆகவே 256-ஐயே போடுங்கள். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு நாமே எதற்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. நிபுணர் என்ற இடத்தில் நாமே துள்ளிக் குதித்துக் கையெழுத்துப் போடக் கூடாது. அது யார் என்பதை விசாரணை அதிகாரி தீர்மானிக்கட்டும். நம் வேலை அதற்கு முந்தியது. அந்த நிபுணர் வந்து பார்க்கும்போது பார்ப்பதற்கு ஏதாவது சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா, அதைச் செய்து வைப்பது.

கடிகாரமும் ஸ்குரு டிரைவரும்

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். டி.வி.ஆர். போர்டில் ஒரு காசு அளவு பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்குமே, அதே ஜாதி. அது தீர்ந்துபோனால், கரன்ட் போய் வந்ததும் பெட்டி தன் பழைய தேதிக்குத் தாவிவிடும். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் பாதிக் கடைகளில் அந்த ஒயரே கிடையாது. மெல்ல மெல்ல ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம் என்று விலகிக்கொண்டே போகும். எட்டு நிமிஷம் சின்ன விஷயமா? சந்தேகப்பட்ட ஆள் அந்த நேரத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் பங்கில் நின்றான் என்று இன்னொரு கேமரா காட்டினால் என்ன செய்வீர்கள்? இரண்டு கேமராவில் எதன் கடிகாரம் சரி என்று தெரியாவிட்டால், குற்றமே செய்யாதவன் உள்ளே போகலாம். செய்தவன் வெளியே வரலாம்.

நேரம் தப்பாக இருப்பதைப் பார்த்தவுடன் நம் கை துறுதுறுக்கும். மெனுவுக்குள் போய்ச் சரிசெய்யத் தோன்றும். கூடவே கூடாது! வீடியோவை எடுத்து முடிக்கும்வரை கடிகாரத்தைத் தொடாதீர்கள். செல்போனில் நெட்வொர்க் நேரத்தை வைத்துக்கொண்டு, டி.வி.ஆர். திரையும் செல்போனும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். "பெட்டி 7 நிமிடம் 20 நொடி முந்துகிறது" என்று பேப்பரில் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் தப்பான கடிகாரமும் நல்ல சாட்சிதான். அந்த வரி இல்லாமல் நேரத்தைத் திருத்தினால், திருத்தியவர் மேலேயே சந்தேகம் வரும். திருத்திய விஷயம் பெட்டியின் லாக் பதிவிலும் ஏறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த லாகையும் சேர்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது. எப்போது கரன்ட் போனது, யார் உள்ளே நுழைந்தார்கள், எது அழிக்கப்பட்டது எல்லாம் அதில் கிடக்கும்.

காட்சியை எடுக்கும்போது கம்பெனியின் சொந்த ஃபார்மேட்டிலேயே எடுங்கள். அதை ஓட்டும் பிளேயரையும் பென் டிரைவில் சேர்த்துப் போடுங்கள். "ஐயா கம்ப்யூட்டர்ல ஓடலை" என்பதற்காக எம்.பி.4-ஆக மாற்றிக் கொடுத்தால், மாற்றியதைத் தனி நகலாகக் கொடுங்கள், ஒரிஜினல் ஃபார்மேட்டுக்குப் பதிலாக அல்ல. சம்பவம் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேருங்கள். வாசல் கேமரா மட்டும் போதாது, எட்டையும் எடுங்கள். ஓடியவன் எந்தப் பக்கம் ஓடினான், அவனுக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பது நமக்கு முக்கியமாகப் படாது. வழக்கு நடத்துகிறவருக்கு அதுதான் முக்கியமாக இருக்கும்.

பெரிய குற்றம், ஹார்ட் டிஸ்கையே எடுக்க வேண்டும் என்றால் போலீஸார் மகஜர் எழுதி எடுப்பார்கள். ஸ்குரு டிரைவர் பிடிப்பது பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். டிஸ்கின் சீரியல் நம்பர் மகஜரில் ஏறியதா என்று எட்டிப் பார்த்துச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைவிட முக்கியம், "சும்மா ஒரு தடவை செக் பண்ணிடுவோம்" என்று அந்த டிஸ்கை யாரும் கம்ப்யூட்டரில் மாட்டிவிடக் கூடாது. பல டி.வி.ஆர்.கள் தங்களுக்கென்று தனி முறையில் எழுதுகின்றன, விண்டோஸுக்கு அது புரியாது. "இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்யவா?" என்று பணிவாகக் கேட்கும். பழக்க தோஷத்தில் 'எஸ்' அழுத்தினால் கதை முடிந்தது. கடைக்காரருக்குப் புது டிஸ்க் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர் கேமராவும் நிற்காது, பழையதும் பத்திரமாக இருக்கும்.

இவ்வளவையும் ஒரு பக்கப் பேப்பரில் எழுதி வைக்க வேண்டும். தேதி, நேரம், மாடல், சீரியல் நம்பர், சானல் எண், கடிகார வித்தியாசம், ஹாஷ், யார் எடுத்தது, யார் பக்கத்தில் இருந்தது, யாரிடம் கொடுத்தது, வாங்கியவரின் கையெழுத்து. வழக்கு மூன்று வருஷம் கழித்து வரும். அன்றைக்குக் கூண்டில் ஏறி நிற்கும்போது வக்கீல் கேட்பார்: "நீங்கள் காட்சியை எடுத்தது எத்தனை மணிக்கு?" "பெட்டியின் நேரம் சரியாக இருந்ததா?" "அதைச் சரிபார்த்தீர்களா?" "எதை வைத்து?" "இந்தப் பென் டிரைவில் அதற்கு முன் என்ன இருந்தது?" அன்றைக்கு ஞாபகத்தை நம்பினால் நாக்கு வறண்டுபோகும். பேப்பரைப் பார்த்துச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்து டீ குடிக்கலாம். (புதுப் பென் டிரைவ் வாங்கிப் போடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்கச்சி கல்யாண வீடியோ இருக்கிற டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.)

போலீஸ் கேட்டால் உடனே தூக்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. குழந்தையைக் காணோம் என்று ஓடி வருகிறார்கள் என்றால் அந்த நிமிஷமே திரையில் ஓட்டிக் காட்டுங்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் நகலைக் கையில் கொடுக்கும்போது எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு, நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட்டுக் கேட்க இடம் கொடுக்கிறது. அது போலீஸுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. பெரும்பாலான எஸ்.ஐ.க்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். "சார், கோர்ட்டுல கேட்பாங்க சார்" என்று பணிவாகச் சொன்னால் போதும்.

"ஜூம் பண்ணு தம்பி!"

சினிமாவில் ஹீரோ விரலைச் சொடுக்கினால் மங்கலான முகம் பளிச்சென்று தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு, "ஜூம் பண்ணிக் கொஞ்சம் தெளிவாக்கு தம்பி" என்று கேட்பார்கள். முடியுமா? 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 புள்ளி. கடைகளில் போடும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 டிகிரி பார்க்கும். 10 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 24 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு மீட்டருக்கு 80 புள்ளி. மனித முகம் 16 சென்டிமீட்டர் என்றால் 13 புள்ளி! அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்று ஐ.இ.சி. தரநிலை சொல்கிறது. அந்த லென்ஸில் அது கிடைப்பது மூன்று மீட்டர் சுற்றளவில்தான். இல்லாத புள்ளியை எங்கிருந்து கொண்டுவருவது?

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே என்பீர்கள். அதுதான் ஆபத்து. ஏ.ஐ. அந்த 13 புள்ளியைப் பார்த்து, மீதியைத் தானே கற்பனை செய்து ஒரு முகத்தை வரைந்து கொடுக்கும். அழகான முகம்தான், ஆனால் அங்கே நின்றவனின் முகமா? 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், ஏ.ஐ. கொண்டு தெளிவாக்கிய செல்போன் வீடியோவை நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். நம்மிடம் யாராவது கேட்டால், இருப்பதை இருப்பபடியே கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் உத்தமம். ஆய்வகத்தில் செய்வதை அவர்கள் செய்யட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஃபுட்டேஜ் கையில் வந்ததும் நண்பர்கள் குரூப்பில் போடுகிற பழக்கம். "மச்சான், நான் மாட்டின கேமராடா, பாரு!" அந்தக் காட்சியில் அடிபட்டு விழுந்து கிடப்பவருக்கு அம்மா இருக்கிறார். சந்தேகப்பட்டு வட்டம் போட்ட ஆள் கடைசியில் வேறு யாரோ என்று தெரிந்தாலும், குரூப் குரூப்பாகப் போன வீடியோவைத் திருப்பி வாங்க முடியாது. பாலியல் குற்றம் என்றால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரியது, பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவு. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

கேமராவே வைக்காமல் விட்ட காலத்தைப் பற்றியும் நமக்குத் தெரியும். 2016 ஜூன் 24-ஆம் தேதி காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் பொறியாளர் கொலை செய்யப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துத் தெருக்களில் யார் யாரோ மாட்டி வைத்திருந்த கேமராக்களைத் தேடித்தான் படம் எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்துத் தெருத் தெருவாக மாட்டச் சொன்னது. கண் நிறையத் திறந்தாகிவிட்டது. அந்தக் கண் பார்த்ததைப் பத்திரமாக எடுத்துக் கொடுக்கும் கை எத்தனை இருக்கிறது?

ஆகவே துறைத் தலைவர்களுக்கும் நம் பேரவைக்கும் என் வேண்டுகோள் இதுதான். மூன்றாம் ஆண்டு லேபில் ஒரே ஒரு பயிற்சி. ஒரு டி.வி.ஆர்., நான்கு கேமரா. கடிகாரத்தை வேண்டுமென்றே ஏழு நிமிஷம் தள்ளி வையுங்கள். ஒரு மாணவன் வராந்தாவில் சைக்கிளைத் 'திருடட்டும்'. மற்றவர்கள் நேர வித்தியாசத்தைக் குறித்து, நான்கு சானலையும் எடுத்து, ஹாஷ் போட்டு, படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். எதிர்த் தரப்பு வக்கீல் வேலையை நம் கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் சந்தோஷமாகப் பார்ப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் நான்கு பக்கம், வைவாவில் இரண்டு கேள்வி. நம்முடைய லேபில் இதுவரை இப்படி ஒன்று நடந்ததில்லை. செலவும் அதிகமில்லை. எங்கள் துறை ஸ்டோர் ரூமில் ஒரு பழைய எட்டு சானல் டி.வி.ஆர். தூசி படிந்து கிடக்கிறது. பவர் அடாப்டர் வேலை செய்கிறது, நான் போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் ஒன்றும் காசு பேட்டரி ஒன்றும்தான் வாங்க வேண்டும்.